கட்டி கரைந்த பிறகும் மூளை ஏன் சாகிறது?

"கட்டி கரைஞ்சிருச்சுன்னுதானே சொன்னாங்க, அப்புறம் ஏன் மூணாம் நாள் இன்னும் மோசமாப் போச்சு?" மூளையின் நாளத்தை இரத்தக்கட்டி அடைத்துப் பாரிசவாதம் வந்தவரைக் கொண்டுவந்து சேர்த்த குடும்பங்கள் வார்டு வாசலில் கேட்கும் கேள்விகளில் பதில் சொல்லக் கடினமானது இதுதான். "மூளை வீங்கியிருக்கு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். உண்மைதான். ஆனால் அந்த வீக்கம் எங்கிருந்து வந்தது, இரத்தம் திரும்ப ஓடத் தொடங்கிய இடத்திலேயே கலங்கள் ஏன் தொடர்ந்து சாகின்றன என்பதைச் சொன்னால்தான், முதல் சில மணித்தியாலங்களில் நாம் செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும் விளங்கும். கடைகளில் "அன்டிஒக்சிடன்ட்" (ஒட்சியேற்றத் தடுப்பு) என்று எழுதி விற்கும் குளிசைகளும் டீ பக்கற்றுகளும் இதில் ஏன் உதவாது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

மூளையின் எடை உடலின் எடையில் ஏறத்தாழ 2 வீதம். ஓய்வில் இருக்கும்போதும் உடல் எடுக்கும் ஒட்சிசனில் 20 வீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு ஒட்சிசன் புழங்கும் இடத்தில் கொஞ்சம் வழி தவறத்தான் செய்யும். கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் இழைமணிக்குள் இலத்திரன்கள் ஒரு புரதத் தொகுதியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிப் போகையில், சில நழுவி நேரே ஒட்சிசனில் ஏறி அதைச் சூப்பரொட்சைட் ஆக்கிவிடும். சுகமான கலத்தில் இது தினசரிக் கழிவு. சூப்பரொட்சைட் டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியம் அதை ஐதரசன் பேரொட்சைட்டாக மாற்றும்; குளுட்டதயோனும் கட்டலேஸும் அதைத் தண்ணீராக்கிவிடும். பிறக்கும் அளவு துடைக்கும் அளவை மிஞ்சும் நிலைக்குத்தான் ஒட்சியேற்ற அழுத்தம் என்று பெயர்.

இந்தத் துடைப்பு வேலையில் மூளை மற்ற உறுப்புகளைவிட ஏழை. ஈரலோடு ஒப்பிட்டால் கட்டலேஸ் மிகக் குறைவு. நரம்புக்கலங்களின் மென்சவ்வில் டி.எச்.ஏ. போன்ற பல இரட்டைப்பிணைப்புள்ள கொழுப்பமிலங்கள் நிறைய இருக்கின்றன. ஒட்சியேற்றம் முதலில் பற்றுவது அந்த இரட்டைப்பிணைப்புகளை ஒட்டிய இடங்களைத்தான். போதாததற்கு இரும்பும் உண்டு.

தேயிலை பெக்டரியைப் பார்த்தவர்களுக்கு இதில் ஒரு பாதி புதிதல்ல. வாட்டிய கொழுந்தை ரோலரில் போட்டு உருட்டும்போது இலையின் கலங்கள் உடைந்து, அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பொலிபீனோலும் அதை ஒட்சியேற்றும் நொதியமும் காற்றும் ஒன்றுசேர்கின்றன. பச்சை இலை செம்பு நிறமாகிறது. ட்ரையரின் சூடு நொதியத்தை அழிக்கும்வரை அது நிற்காது. மூளையிலும் பிரித்து வைத்திருந்த பொருட்கள் ஒன்றோடொன்று சந்திப்பதில்தான் சேதம் தொடங்குகிறது. அங்கே இடையில் நிறுத்த ட்ரையர் கிடையாது.

பாரிசவாதங்களில் பெரும்பான்மை அடைப்பால் வருவது. முதலில் அதை எடுத்துக்கொள்வோம். சாதாரணமாக 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்கு 50 மில்லிலீற்றர் அளவில் இரத்தம் ஓடுகிறது. நாளம் அடைபட்டதும் நடுப்பகுதியில் அது 10க்கும் கீழே விழும். அங்குள்ள கலங்கள் சில நிமிடங்களிலேயே ஏ.டி.பி. என்ற சக்திப்பொருள் இல்லாமல் போய்ச் சாகின்றன. அதைச் சுற்றி, 10க்கும் 20க்கும் இடைப்பட்ட ஓட்டத்தில் ஒரு வளையம் உண்டு. பக்கத்து நாளங்களிலிருந்து கசிந்து வரும் இரத்தத்தில் அது வேலை செய்யாமல், ஆனால் சாகாமல் கிடக்கும். கை தூக்க முடியவில்லை என்பதால் கைக்குரிய கலங்கள் எல்லாம் செத்துவிட்டன என்று அர்த்தமில்லை. பல கலங்கள் இந்த வளையத்துக்குள் காத்துக்கிடக்கின்றன. சிகிச்சை முழுவதும் இந்த வளையத்துக்காகத்தான். பெரிய நாளம் அடைபட்டுச் சிகிச்சை கிடைக்காத சராசரி நோயாளியில் ஒவ்வொரு நிமிடமும் 19 இலட்சம் நரம்புக்கலங்கள் போகின்றன என்று 2006இல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது. எல்லோருக்கும் ஒரே வேகம் இல்லை. பக்கத்து நாளங்கள் நன்றாக உள்ளவருக்கு வளையம் பல மணித்தியாலம் தாங்கும். இன்னொருவருக்கு ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது.

ஏ.டி.பி. தீர்ந்ததும் சோடியம்–பொற்றாசியம் பம்பி நிற்கிறது. கலத்தின் மின்னழுத்தம் சரிகிறது. சரிந்த கலம் தன்னிடமுள்ள குளுட்டமேட் என்ற சைகைப் பொருளை வெளியே கொட்டுகிறது. அது பக்கத்துக் கலத்தின் என்.எம்.டி.ஏ. வாசல்களைத் திறந்துவிட, கல்சியம் உள்ளே பாய்கிறது. கல்சியம் மூன்று வேலை செய்கிறது: இழைமணிக்குள் புகுந்து அதைத் திணறவைக்கிறது, நைத்திரிக் ஒட்சைட் தயாரிக்கும் நொதியத்தை முடுக்குகிறது, மென்சவ்வில் இருக்கும் என்.ஏ.டி.பி.எச். ஒக்சிடேஸ் என்ற நொதியம் விழித்துக்கொள்ளவும் காரணமாகிறது. இந்த மூன்றாவதைக் கவனித்துக்கொள்ளுங்கள். மற்ற நொதியங்களில் சூப்பரொட்சைட் தவறுதலாக நழுவும் பொருள். இதற்குச் சூப்பரொட்சைட் தயாரிப்பதே தொழில். சீனி பற்றிப் பேசும்போது மறுபடி இது வரும்.

இனி கட்டி கரையும் நேரம். அடைப்பு நீடிக்கும்போது கலத்துக்குள் சில பொருட்கள் குவிகின்றன. முக்கியமானது இழைமணியின் எரிபொருட்களில் ஒன்றான சக்சினேட். ஒட்சிசன் இல்லாததால் அது எரிய வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். இரத்தம் திரும்பி ஒட்சிசன் வந்தவுடன், குவிந்த சக்சினேட் எல்லாம் ஒரேயடியாக எரிகிறது. இழைமணியின் இரண்டாம் தொகுதி வழியாக இலத்திரன்கள் வெள்ளமாக வந்து சேர, முன்னோக்கிப் போகும் பாதை அத்தனையையும் தாங்காது. மிஞ்சியவை பின்னோக்கி முதலாம் தொகுதிக்குள் தள்ளப்படுகின்றன. அங்கேதான் அவை ஒட்சிசனில் ஏறிச் சூப்பரொட்சைட் ஆகின்றன. இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றில் சக்சினேட் இப்படிக் குவிவதை எலிகளில் 2014இல் காட்டினார்கள். முதல் சில நிமிடங்களிலேயே இந்த வெடிப்பு நடந்து முடிகிறது. அதனால்தான் கட்டி கரைந்து ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுக்கும் எந்த மருந்தும் இந்த முதல் அலையைப் பிடிக்க முடிவதில்லை.

பிறந்த சூப்பரொட்சைட் தனியாக அவ்வளவு கொடியதல்ல. அது யாரைச் சந்திக்கிறது என்பதில்தான் எல்லாம். நைத்திரிக் ஒட்சைட்டைச் சந்தித்தால் பேரொட்சிநைத்திரைட் உருவாகும். இந்தச் சேர்க்கை, டிஸ்மியூட்டேஸ் நொதியம் சூப்பரொட்சைட்டைப் பிடிக்கும் வேகத்தையும் முந்தக்கூடியது. நைத்திரிக் ஒட்சைட் ஏராளமாக இருக்கும்போது துடைக்கும் நொதியம் தோற்றுப்போகிறது. ஐதரசன் பேரொட்சைட்டாக மாறித் தப்பினாலும், அங்கே கட்டற்ற இரும்பு அயன் இருந்தால் ஐதரொட்சில் மூலிகம் (எதனோடும் உடனே வினைபுரியும் துணுக்கு) பிறக்கும். அதன் ஆயுள் நனோசெக்கன் கணக்கு. பிறந்த இடத்துக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் தாக்கிவிட்டு மறைந்துவிடும்.

தாக்கப்படுவது மூன்று இடம். மென்சவ்வில் ஒரு கொழுப்பமிலம் ஐதரசனை இழந்தால் அது பக்கத்துக் கொழுப்பமிலத்திலிருந்து பறிக்கும், அது அடுத்ததிலிருந்து. இப்படிச் சங்கிலியாகப் போய் மென்சவ்வு ஓட்டை விழும். இரும்பைச் சார்ந்து நடக்கும் இந்த வகைச் சாவுக்கு 2012இல் ஃபெரொப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். குளுட்டதயோனைக் கொண்டு சங்கிலியை அறுப்பது ஜீ.பி.எக்ஸ்.4 என்ற நொதியம். குளுட்டதயோன் தீர்ந்தால் அதுவும் கையைக் கட்டிக்கொள்ளும். இரண்டாவது டி.என்.ஏ. அதில் முறிவு விழுந்ததும் திருத்துவதற்குப் பார்ப் என்ற நொதியம் ஓடிவருகிறது. முறிவு அளவுக்கு மீறினால், திருத்தும் அவசரத்தில் சக்தி தயாரிக்கக் கலத்துக்குத் தேவையான என்.ஏ.டி. முழுவதையும் அதுவே தின்று தீர்த்துவிடும். காப்பாற்ற வந்ததே கலத்தைப் பட்டினி போட்டுக் கொல்கிறது. மூன்றாவது இழைமணி. கல்சியமும் ஒட்சியேற்றமும் சேர்ந்து அதன் உள்மென்சவ்வில் ஒரு துளையைத் திறக்க, இழைமணி ஊதி உடைந்து சைட்டோகுரோம் சி வெளியேறுகிறது. அது கலம் தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்வதற்கான சைகை. இது மணித்தியாலங்கள் முதல் நாட்கள்வரை இழுக்கும்.

மூன்றாம் நாள் மோசமாவதற்கு முக்கிய காரணம் நரம்புக்கலத்துக்கு வெளியே, நாளச் சுவரில் இருக்கிறது. அதே மூலிகங்கள் நுண்நாளங்களின் சுவரையும் தாக்குகின்றன. எம்.எம்.பி.-9 என்ற நொதியம் முடுக்கப்பட்டு, சுவரைத் தாங்கும் அடித்தட்டை அரிக்கிறது. இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் வந்து ஒட்டி, தங்களுடைய ஒக்சிடேஸ் நொதியத்தால் மேலும் சூப்பரொட்சைட்டைக் கக்குகின்றன. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு ஒழுகத் தொடங்குகிறது. தண்ணீர் கசிந்தால் வீக்கம். அது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்கு வரும். சிவப்பணுவே கசிந்தால் இரத்தக்கசிவு. கட்டி கரைக்கும் மருந்துக்கு 4.5 மணித்தியால எல்லை வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இதுதான்: நேரம் போகப் போக அரிபட்ட சுவருக்குப் பின்னால் இரத்தத்தைத் திறந்துவிட வேண்டியிருக்கும். மருந்து தானும் எம்.எம்.பி.-9ஐக் கொஞ்சம் கூட்டும்.

அப்படியானால் இரத்தத்தைத் திருப்பாமலே விடலாமா என்று கேட்டால், கூடாது. திரும்பாத இடத்தில் வளையத்தின் பெரும்பகுதி செத்துப்போகும்; திரும்பிய இடத்தில் ஒரு பகுதிதான் போகும். சக்சினேட் எவ்வளவு குவிந்தது, சுவர் எவ்வளவு அரிபட்டது என்பதெல்லாம் அடைப்பு இருந்த நேரத்தைப் பொறுத்தது. ஆகவே சீக்கிரம் திறப்பதே இரத்தம் திரும்பிய பின் வரும் சேதத்துக்கும் மருந்து.

மூலிகங்களைப் பிடித்துக் கட்டும் மருந்துகளை முயலாமல் விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். என்.எக்ஸ்.வை.-059 என்ற மருந்து 2006இல் வெளியான முதல் பெரிய ஆய்வில் நம்பிக்கை தந்தது. 3,300 பேரளவில் நடந்து அடுத்த ஆண்டு வெளியான இரண்டாவது ஆய்வில் பொய்த்துப்போனது. டிரிலசாட், எப்செலன் ஆகியவையும் சாதாரணச் சிகிச்சையில் இடம்பிடிக்கவில்லை. ஜப்பானில் 2001 முதல் எடாரவோன் பாவனையில் இருக்கிறது: 30 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை நாளம் வழியாக, 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 14 நாள்வரை. சீனாவில் அதையே இன்னொரு பொருளோடு கலந்து பயன்படுத்துகிறார்கள். மற்ற நாடுகள் பெரும்பாலும் அதைப் பாரிசவாதத்துக்கு ஏற்கவில்லை. தோல்விக்குக் காரணம் விளங்காததல்ல. ஆய்வுகூடத்து எலி இளமையானது, பிரசரோ சீனியோ இல்லாதது, அடைப்பு எந்த நிமிடம் ஏற்பட்டது என்று தெரிந்தது. நமது நோயாளி அப்படி இல்லை. அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்றும் உண்டு. நனோசெக்கனில் பக்கத்துப் பொருளைத் தாக்கும் மூலிகத்தை, இரத்தத்தில் மிதந்து வரும் மருந்து பிடிக்க வேண்டுமானால், அந்தக் கலத்தின் எல்லா மூலைகளிலும் நெருக்கமாக நிரம்பியிருக்க வேண்டும். அடைபட்ட நாளம் வழியாக அவ்வளவு எங்கே போய்ச் சேரும்? மூலிகம் பிறந்த பின் துரத்துவதைவிட, பிறக்கும் வாய்ப்பைக் குறைப்பதே கைக்கெட்டும் வழி என்பது எனது அபிப்பிராயம். அந்த வழிகள் பல, விலையில்லாதவை.

முதலாவது சீனி. என்.ஏ.டி.பி.எச். ஒக்சிடேஸுக்கு எரிபொருள் என்.ஏ.டி.பி.எச்.; அதைக் கலம் தயாரிப்பது குளுக்கோசிலிருந்து. இரத்தம் திரும்பும் நேரத்தில் குளுக்கோசு மிகுதியாக இருந்தால் சூப்பரொட்சைட்டும் மிகுதி என்று 2008இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். மயங்கிச் சாய்ந்தவருக்குச் சீனி போட்டுச் சாயத்தண்ணி பருக்குவது நம் தோட்டத்து லயங்களில் பழகிப்போன உபசாரம். பாரிசவாதத்தில் அது இரு வழியில் கெடுதல்: விழுங்கும் தசை இழுபட்டிருந்தால் தேத்தண்ணி நுரையீரலுக்குப் போகும், போன மிச்சம் சீனியை ஏற்றும். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். டிஸ்பென்சரியில் குளுக்கோமீட்டர் இருந்தால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். டெசிலீற்றருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அதுவே பாரிசவாதம்போல ஒரு பக்கத்தை இழுக்கக்கூடும். அதற்கு மட்டும் நாளம் வழியாகக் குளுக்கோசு ஏற்றலாம். மற்றவர்களுக்கு டெக்ஸ்ட்ரோஸ் சேலைன் வேண்டாம், சாதாரண உப்புச் சேலைன் போதும். வார்டில் 140க்கும் 180க்கும் இடையில் வைக்கப் பார்ப்பார்கள். அதற்கும் கீழே இறக்குவதில் மேலதிக நன்மை இல்லை என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

இரண்டாவது பிரசர். வளையத்திலுள்ள நாளங்கள் தங்களைத் தாங்களே சுருக்கி விரிக்கும் திறனை இழந்துவிட்டன. பிரசர் எவ்வளவோ ஓட்டமும் அவ்வளவு. 190 இருக்கிறதே என்று பயந்து நிஃபெடிப்பின் குளிசையை நாக்குக்குக் கீழே வைப்பது, வளையத்தின் கடைசிச் சொட்டையும் நிறுத்துவதற்குச் சமம். கரைக்கும் மருந்து கொடுக்கப் போவதானால் 185/110க்குக் கீழே மெதுவாகக் கொண்டுவருவார்கள். கொடுக்காத அடைப்பில் 220/120 வரை விட்டுப்பிடிப்பார்கள். இரத்தக்கசிவு என்றால் கணக்கே வேறு. ஸ்கேன் பார்க்காமல் யாராலும் பிரிக்க முடியாது. அதே காரணத்தால் ஸ்கேனுக்கு முன் அஸ்பிரினும் வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் மூலிக உற்பத்தியும் கலத்தின் தேவையும் ஏறும். 38 பாகைக்கு மேல் போனால் பரசிட்டமோல், விழுங்க முடியாவிட்டால் ஆசனவாய் வழியாக. ஒட்சிசனை எல்லோருக்கும் மாட்டுவதில் பயனில்லை: 8,003 பேரில் நடந்து 2017இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் வழமையாகக் கொடுத்ததால் எந்த நன்மையும் வரவில்லை. இரத்தத்தின் ஒட்சிசன் அளவு 94 வீதத்துக்குக் கீழே போகும்போது கொடுப்பதே முறை. மலையில் இதற்கு ஒரு குறிப்பு வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். சுகமாக உள்ளவருக்கே கொழும்பைவிட ஓரிரு புள்ளி குறைவாகக் காட்டலாம். குளிரில் விறைத்த விரலில் மாட்டினால் ஒட்சிசன் மீட்டர் 88 என்று பொய் சொல்லும். விரலைத் துணியால் துடைத்து, உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கி, நாடித்துடிப்பு எண் நிலையாக நின்ற பிறகு வாசியுங்கள். இழுபடாத கையில் மாட்டுவது நல்லது.

நேரக் கணக்கைக் குடும்பமே கொண்டுபோக வேண்டும். முகம் கோணுதல், ஒரு கை தொங்குதல், பேச்சுக் குழறுதல் – எதையாவது கண்டதும் 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. அழைக்கும்போதே தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்துக்கு வண்டி வருமா, எந்தச் சந்தியில் காத்திருப்பது என்பதைச் சொல்லிவிடுங்கள். மலைப்பாதையில் இருபது நிமிடம் தேடலிலேயே போய்விடும். விடியப் பெரட்டுக்கு (காலை வேலைக் கணக்கெடுப்புக்கு) எழும்பும்போது கை இழுத்திருந்தால், எழும்பிய நேரத்தைச் சொல்லக்கூடாது. கடைசியாக நன்றாக இருந்ததைக் கண்ட நேரம்தான் கணக்கு. இரவு ஒன்பதுக்குப் படுத்தார் என்றால் ஒன்பது. முதலில் போய்ச்சேரும் ஆஸ்பத்திரியில் சீ.டி. இல்லையென்றால் உடனே மாற்றச் சொல்லிக் கேளுங்கள், "நாளைக்கு பெரிய டொக்டர் வரட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். எடை தெரிந்திருந்தால் உதவி. கரைக்கும் மருந்தான அல்டெப்ளேஸ் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், மொத்தம் 90ஐத் தாண்டாது. 60 கிலோ உள்ளவருக்கு 54 மில்லிகிராம், அதில் 5.4ஐ உடனே ஏற்றி மிச்சம் 48.6ஐ ஒரு மணித்தியாலத்தில் ஓடவிடுவார்கள். கிளினிக் கொப்பியும் குடிக்கும் குளிசைகளும் கூடவே போகட்டும்.

இரத்தக்கசிவால் வரும் பாரிசவாதத்தில் ஒட்சியேற்றம் வேறு வாசலால் நுழைகிறது. கசிந்த இரத்தத்தின் சிவப்பணுக்கள் அடுத்தடுத்த நாட்களில் உடைய, ஈமோகுளோபினிலிருந்து ஹீம், ஹீமிலிருந்து இரும்பு என்று திசுவுக்குள் இரும்பு கொட்டுகிறது. ஐதரொட்சில் மூலிகத்துக்கு வேண்டிய எல்லாமே அங்கே தயார். அதனால் கசிந்து தேங்கிய இரத்தத்தைச் சுற்றிய வீக்கம் ஒரு வாரத்துக்கு மேலும் வளரும். இரும்பைக் கட்டியிழுக்கும் டெஸ்ஃபெரியொக்சமினை (தலசீமியா பிள்ளைகளுக்கு ஏற்றுவார்களே, அதேதான்) முயன்றார்கள்; 2019இல் வெளியான முடிவில் பாதகம் இல்லை, தெளிவான பலனும் இல்லை.

கடைசியாக அந்த டீ பக்கற்று. பச்சைத் தேயிலையின் கற்றெச்சின்கள் என்ற பொலிபீனோல்கள் சோதனைக் குழாயில் மூலிகங்களை நன்றாகவே பிடிக்கின்றன. குடித்தால் குடலைத் தாண்டி இரத்தத்தில் சேர்வது சொற்பம், மூளைக்குள் போவது அதிலும் சொற்பம். விருப்பமானால் குடியுங்கள், விழுங்கும் பரிசோதனை முடிந்த பிறகு, சீனி இல்லாமல். விட்டமின் ஈ குளிசை அவ்வளவு அப்பாவி அல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்து 2010இல் வெளியிட்ட கணக்கில், அது அடைப்பை 10 வீதம் குறைத்தது, இரத்தக்கசிவை 22 வீதம் கூட்டியது: 476 பேர் குடித்தால் ஓர் அடைப்பு குறையும், 1,250 பேர் குடித்தால் ஒரு கசிவு கூடும். கசிவு பெரும்பாலும் கொடியது என்பதால் அந்த வியாபாரம் கட்டுப்படியாகாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் குடிப்பவருக்கு அதிக அளவு விட்டமின் ஈ இரத்தம் உறையும் நேரத்தை இன்னும் நீட்டக்கூடும். பார்மசியில் சும்மா வாங்கியதாக இருந்தாலும் கிளினிக்கில் காட்டி, கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும்.